தேர்தலில் தோற்ற பிறகு வந்த சனிக்கிழமை

டீசலும் கருவாடும் கலந்த வாசம்... மாலை பஸ் என்றால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும். கருவாட்டுப் பெட்டிகளுக்கு நடுவே புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பேன். சந்தியில் என்னை இறக்கிவிட்டு பஸ் யாழ்ப்பாணப் பக்கமாகப் போய்விடும்.

அதற்குப் பிறகு நடைதான். இலுப்பைக்கடவைக்குக் கிட்ட, பெருவீதியிலிருந்து இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், உள்ளே எங்கள் ஊர். இரண்டு பக்கமும் பற்றைக்காடு. ஒரு லைட் இல்லை. நான் அப்போது ஏ.எல், பள்ளியின் கடைசி உயர்தர வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். பின்னேர வகுப்பு முடிந்து வந்து இறங்க இருட்டிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, எனக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் மெல்ல வந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீடுவரை ஓடினேன்.

அப்பா ஏசவில்லை. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து, வயல் கூலிக்குப் போய் எங்களைப் படிப்பித்த மனிதர். "படிச்சது காணும் பிள்ளை. இனிப் போக வேண்டாம்" என்றார்.

அடுத்த நாள் மாதத்தின் முதல் சனிக்கிழமை. றெஜினா அக்கா வரும் நாள்.

றெஜினா அக்கா எங்கள் பிரதேச சபை உறுப்பினர். கரைப் பக்கத்துக்காரர், வேதக்காரர் — கிறிஸ்தவர். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை எங்கள் ஊர் முன்பள்ளிக்கு வந்துவிடுவார். அங்கே இருந்ததெல்லாம் சின்னப் பிள்ளைகளின் கதிரைகள்தான். அதில் ஒன்றில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்து, ஒவ்வொருவரிடமும் குறை கேட்பார். வயதானவர்களுக்குக் கண்ணாடி, பொதுக் கிணறு இறைப்பது, முகாமிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு அடையாள அட்டை... எல்லாவற்றையும் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார்.

அம்மா என்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

அக்கா என்னைப் பார்த்து, "உனக்குப் படிக்க விருப்பமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப பின்னேர பஸ் ஊருக்குள்ள வர வேணும். நான் கேக்கிறன். அதுவரைக்கும் ஆரும் ஒராள் சந்தியில நிண்டு கூட்டிக்கொண்டு வாங்கோ."

பஸ் வரும்வரைக்கும்தான் என்று அப்பா அரைமனதோடு சம்மதித்தார். தினமும் வயல் வேலை முடிந்த கையோடு, சேறு காயாத காலோடு சந்தியில் வந்து நிற்பார்.

அக்கா டிப்போவுக்குப் போய்க் கேட்டார். வழியில் இருக்கும் மதகு இடிந்து கிடக்கிறது, பஸ் அதில் ஏறாது என்றார்கள். சபையில் சொல்லித் திருத்துவதாக அக்கா வாக்குக் கொடுத்தார். அதற்குள் தேர்தல் வந்தது.

அக்கா தோற்றுப் போனார்.

"தோத்த மனுசி இனி ஏன் வரப்போறா" என்றார் அப்பா. அந்த வருடத்தோடு என் படிப்பு நின்றுவிடும் என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்த முதல் சனிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. முன்பள்ளியை யாரும் திறக்கவில்லை. கிணற்றடியில் நின்ற அம்மாதான் முதலில் கண்டார். சந்தியிலிருந்து குடையோடு நடந்து வந்துகொண்டிருந்தார் றெஜினா அக்கா.

"என்ன, ஒருத்தரையும் காணேல்ல?"

அம்மா குடத்தை இறக்கி வைத்தார். "நீங்கள் வருவீங்கள் எண்டு நினைக்கேல்ல அக்கா..."

"தேர்தல்தானே முடிஞ்சது. உங்கட மதகு அப்பிடியேதானே கிடக்கு."

அம்மா வீடு வீடாக ஓடிப்போய் ஆட்களைக் கூட்டி வந்தார்.

அந்த மாதமே, எல்லோரும் கூலியில்லாமல் சேர்ந்து மதகைத் திருத்தும் சிரமதானம் நடந்தது. அக்காவின் ஊர் மீனவர்கள் உழவு மெசினில் கல்லும் கிரவலும் கொண்டுவந்தார்கள். பள்ளிவாசல்காரர் சீமெந்து தந்தார்கள். எங்கள் ஊர் வயல்காரர் எல்லோரும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். அப்பா கல் சுமந்தார். அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

பிறகு எங்களையும் கூட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்கள் இப்ப மெம்பர் இல்லையே அம்மா?"

"ஓம், இல்லை. இப்ப நான் பஸ்ஸில ஏறிற ஆள். ஏறிற ஆள் கேக்கலாம்தானே?"

அந்த மனிதர் சிரித்துவிட்டார்.

முதல் நாள் பஸ் வந்தபோது ஊரே மதகடியில் நின்றது. டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு, இறங்கி வந்து மதகைக் குனிந்து பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அக்கா மதகின் நடுவில் போய் நின்றுகொண்டு, "மெல்ல வாங்கோ தம்பி, நான் பாத்துச் சொல்லுறன்" என்று கையைக் காட்டியபடியே பின்னோக்கி நடந்தார். பஸ் மெல்ல மெல்ல ஏறி, இந்தப் பக்கம் வந்துவிட்டது.

அப்பா என் பக்கம் திரும்பி, "இனிப் படி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

படித்தேன். இன்று பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறேன்.

இப்போது எங்கள் ஊருக்கு வழுவழுவென்று தார் போட்ட கார்பெட் ரோட் வந்துவிட்டது. குறையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உறுப்பினரிடமிருந்து பதிலும் வருகிறது. வசதிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சின்னக் கதிரைகளில் நெருக்கிக்கொண்டிருந்து, நம் முறை வரும்வரை மற்றவர்களின் கஷ்டத்தையும் கேட்டுக்கொண்டிருப்போமே... அது இல்லை.

போன மடுத் தேவாலயத் திருவிழாவில் றெஜினா அக்காவைக் கண்டேன். நரைத்துவிட்டார். என்னை இன்னாரென்று மட்டுக்கட்ட அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ வருடமாகச் சொல்ல நினைத்த நன்றியைச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"பஸ் இப்பவும் ஓடுதோ?"

"ஓடுது அக்கா. ஆனா ஆக்கள் குறைவு. எல்லாரிட்டயும் மோட்டார் சைக்கிள் இருக்கு."

"ஆக்கள் இல்லையெண்டால் நிப்பாட்டிப் போடுவாங்கள் பிள்ளை. படிக்கிற பிள்ளையள் இருக்குதுகள். நீ இடைக்கிடை ஏறு."

நேற்று, செவ்வாய்க்கிழமை, ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போய், மாலை பஸ்ஸில் திரும்பினேன். யூனிபோர்ம் போட்ட இரண்டு பிள்ளைகள் ஜன்னலோரம் நித்திரை.

கண்டக்டர் கேட்டார், "என்ன டீச்சர், ஸ்கூட்டி பழுதோ?"

"இல்லைத் தம்பி. இனிச் செவ்வாய்க்கிழமைகளில நானும் வருவன்."