எஸ்னாத் லோம்பேவுக்கு வந்த போன்

எஸ்னாத் லோம்பே லுவான்ஷ்யா ஊர்ச் சுரங்க ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். நாலு வயதில் அம்மை வந்து கண் போனது. பார்வையற்றோர் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு இருபத்திரண்டு வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எந்த டாக்டர் எந்த வார்டில் இருப்பார், எவருடைய மனைவி எதற்காகக் கூப்பிடுகிறாள், எல்லாம் அவளுக்குக் குரலை வைத்தே தெரியும். ஒருவர் "ஹலோ" சொல்லி முடிப்பதற்குள் பெயர் சொல்லி இணைப்பு கொடுத்துவிடுவாள். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸை விற்றபோது தவணையில் ஒன்றை வாங்கினாள். அதற்கு அடுத்த வீடு எங்களுடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னை என் மூத்த மகள் பெயரைச் சேர்த்து பூபேம்மா என்பாள்.

ஓய்வு பெற்ற பிறகு பென்ஷன் வங்கியில் விழுந்தது. மாதம் ஒரு தடவை டவுனுக்குப் போய் எடுத்து வர வேண்டும். அந்த நாளை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசும். கவுண்டரில் இருக்கும் பெண், கண் தெரியாதவளுக்குக் காதும் கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ, கணக்கில் உள்ள பணத்தை வரிசை முழுவதும் கேட்கும்படி உரக்கச் சொல்வாள். என் அடுப்பில் என்ன வேகிறது என்பது வரை ஊருக்குத் தெரிந்துபோகிறது என்று அக்கா வருத்தப்படுவாள்.

அங்கே அவளுக்கு ஒரே ஆறுதல் வாசலில் நின்ற காவலாளி ஓபெட். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே வந்து கையைப் பிடித்துக்கொள்வான். படி எத்தனை என்று சொல்வான், வரிசையில் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவான், பணம் எடுக்கும் சீட்டை எழுதிக் கொடுப்பான். கணக்கு எண், அடையாள அட்டை எண், பிறந்த தேதி எல்லாம் அவனுக்கு மனப்பாடம். பதினோரு வருஷம் இப்படி. ஒரு தடவை மக்காச்சோள மாவு மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் வந்து இறக்கினான். பின்கதவுத் தாழ்ப்பாள் ஆடுகிறது, மாற்றச் சொல்லுங்கள் என்று அப்போது சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய தங்கை மகள் ஒரு பேசும் போனை வாங்கித் தந்து, வங்கி வேலையெல்லாம் அதிலேயே செய்யக் கற்றுக் கொடுத்தாள். விரலை வைத்தால் போன் படித்துக் காட்டும். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தன் பணம் எவ்வளவு என்று தான் மட்டும் கேட்ட முதல் நாள், அக்கா என் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். "சொல்ல மாட்டேனே" என்றாள். அதன் பிறகு அவள் வங்கிப் படி ஏறவில்லை.

போன வருஷம் ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. நான் தைத்துக்கொண்டிருந்தேன். கருகும் வாடை வந்தது. நாலு மணி இருக்கும். அவள் வீட்டுப் பக்கமிருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும் ஓடினேன். முன்கதவு பூட்டியிருந்தது. பின்கதவைத் தள்ளினேன், அசையவில்லை. உள்ளே மேசையை இழுத்து அதன்மேல் சாத்தியிருந்தாள். என் குரலைக் கேட்ட பிறகும் உடனே திறக்கவில்லை. என்னைப் பேசவிட்டு, கேட்டு, மறுபடி பேசச் சொல்லி, பிறகுதான் மேசையை நகர்த்தினாள். அடுப்பில் பூசணி இலை கரியாகியிருந்தது. அவள் கையில் சட்டுவம் இருந்தது. அதை என்னால் வாங்க முடியவில்லை, அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல அவளுக்கு வெகுநேரம் ஆனது.

இரண்டு மணிக்கு ஒரு போன் வந்திருக்கிறது. தலைநகர் லுசாக்காவிலிருந்து, வங்கியின் தலைமை அலுவலகம் என்று ஒருவன் தடித்த குரலில், ஆங்கிலத்தில் ஆரம்பித்தானாம். உங்கள் கணக்கில் கோளாறு, நாலு மணிக்குள் சரிசெய்யாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும், இப்போது உங்கள் போனுக்கு ஒரு ஆறு இலக்க எண் வரும், அதை எனக்குப் படித்துக் காட்டுங்கள் என்றானாம். அவளும் முதலில் பதறிப்போய் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் அவளுடைய கணக்கு எண்ணைத் தானாகவே சொல்ல ஆரம்பித்தான். எண்ணைச் சொல்வதற்கு முன்னால் பல் இடுக்கு வழியாக ஒரு சின்ன மூச்சை உள்ளே இழுத்தான். அந்த ஒரு மூச்சில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு வருஷம் படி எண்ணிச் சொன்ன மூச்சு.

அவள் அந்த ஆறு இலக்க எண்ணைக் கொடுக்கவில்லை. போன் சரியாகப் படிக்கவில்லை, நாளைக்குக் கூப்பிடுங்கள் என்று சமாளித்துவிட்டாள். அத்தோடு வைத்திருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருஷப் பழக்கம், யார் பேசினாலும் பெயரைச் சொல்லி நன்றி சொல்லித்தான் அவள் போனை வைப்பாள்.

"நன்றி ஓபெட்டுன்னு சொல்லிட்டேன், பூபேம்மா. வாய் தானா சொல்லிடுச்சு. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் வச்சுட்டான்."

அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. அவனுக்கு வீடு தெரியும், அவள் தனியாக இருப்பது தெரியும், எந்தக் கதவு ஆடும் என்பதும் தெரியும்.

வங்கியின் உதவி எண்ணுக்குப் போட்டோம். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று இயந்திரம் சொன்னதெல்லாம் செய்து முடித்த பிறகு ஒரு பெண் பேசினாள். பிறந்த தேதி கேட்டாள், தாயின் பெயர் கேட்டாள். அக்கா பதில் சொல்லாமல் போனைக் கையால் பொத்திக்கொண்டு, இவள் யாரென்று எனக்கு எப்படித் தெரியும் என்றாள். கடைசியில் அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள். ஊழியர் மேல் புகார் என்றால் போனில் எடுக்க மாட்டார்கள், கிளைக்கு நேரில் அடையாள அட்டையோடு வர வேண்டும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே வங்கியிலிருந்து ஒரு கடிதம் கொண்டு வாருங்கள் என்றார்கள்.

எங்கே சுற்றினாலும் அந்த வாசலுக்குத்தான் போயாக வேண்டும். அந்த வாசலில் நிற்பவன் ஓபெட்.

இரவு எங்கள் வீட்டில் படுத்தாள். தூங்கவில்லை என்று காலையில் முகம் சொன்னது. இன்னொரு பயமும் அவளைத் தின்றுகொண்டிருந்தது. "நான் தப்பாக் கேட்டிருந்தா? ஒரு மூச்ச வச்சு ஒரு மனுஷன ஜெயிலுக்கு அனுப்பலாமா? அவனுக்கு நாலு பிள்ளைங்க" என்றாள். நான் கஞ்சி கொடுத்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

சனிக்கிழமை வங்கி பதினோரு மணி வரைதான். மினிபஸ்ஸில் போனோம். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் காலை ஷிஃப்ட், துணைக்கு யாரும் இல்லை. பஸ் நின்றதும் அக்கா எழுந்திருக்கவில்லை. நடத்துனர் சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தாள்.

இறங்கிப் பத்தடி வைத்திருப்போம். ஓபெட் வந்துவிட்டான். எப்போதும் போல அதே சிரிப்பு. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் அக்காவின் மறுகையை முழங்கையோடு பிடித்துக்கொண்டான்.

"வாங்கம்மா, ரொம்ப நாளாச்சு. இப்பல்லாம் போன்லயே எல்லாம் முடிச்சுக்குறீங்க போல" என்றான். இரண்டடி நடந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்தப் பின்கதவ மாத்தினீங்களா? நான் அன்னைக்கே சொன்னேனே" என்றான்.

அக்காவின் குரல் பிசிறவில்லை.

"மாத்தியாச்சுப்பா. எங்க அக்கா மகன் போலீஸ்ல இருக்கான்ல, அவன்தான் வந்து மாத்திக் குடுத்தான். இப்ப ரெண்டு வாரமா நம்ம வீட்லதான் இருக்கான்."

அவளுக்கு அக்காவும் இல்லை, அக்கா மகனும் இல்லை. ஓபெட் அன்றைக்குப் படியை எண்ணிச் சொல்லவில்லை. அக்கா தடுக்கி விழப் பார்த்தாள், நான் பிடித்தேன்.

உள்ளே முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். அவன் பூட்ஸ் கூடத்தில் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது. பூட்ஸ் நெருங்கும்போதெல்லாம் அக்காவின் முழங்கால் என் முழங்காலில் வந்து இடிக்கும். ஒரு தடவை சீட்டும் பேனாவும் எடுத்து வந்து, எழுதித் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம், வங்கி அட்டை தொலைந்துபோனது, மேனேஜரிடம் சொல்ல வந்தேன் என்றாள். சரி என்று நகர்ந்தான், ஆனால் தூரம் போகவில்லை.

மேனேஜர் புதிதாக வந்த பெண், நமுகோலோ என்று பெயர். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அக்கா என்னிடம் முதலில் கேட்டது, "இந்த ரூமுக்குள்ள நடக்குறது வெளிய தெரியுமா?" என்றுதான். கண்ணாடிச் சுவர் என்றேன். ஓபெட் வாசலை விட்டு உள்பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

அக்கா சிரித்தாள். மேனேஜரைப் பார்த்து, அதாவது அவள் குரல் வந்த பக்கம் பார்த்து, கல்யாண வீட்டில் பேசுவது போல சிரித்த முகத்தோடு சொன்னாள்: "நீங்களும் கொஞ்சம் சிரிங்க, மேடம். நான் சொல்லப்போறது உங்க வாசல்ல நிக்கிறவனப் பத்தி. அவன் பாத்துட்டு இருக்கான்."

நடந்ததை முழுவதும் அப்படியே சிரித்துக்கொண்டே சொன்னாள். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணோரத்தில் இறங்கியது, துடைக்கவில்லை. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் அதைப் போல் சிரித்ததில்லை, இனியும் வேண்டாம்.

நமுகோலோ நம்பவில்லை. குரலை வைத்து எப்படிச் சொல்ல முடியும், கூப்பிட்ட எண் வேறு யார் பெயரிலோ இருக்கும், அவர் நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்கிறார்களே என்றாள். அக்கா அதற்கு வாதாடவில்லை. "வேற யாராவது இந்த மாதிரி பணத்த விட்டிருந்தா, அவங்களுக்குச் சீட்டு எழுதிக் குடுத்தது யாருன்னு மட்டும் பாருங்க" என்றாள்.

மேனேஜர் இழுப்பறையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தாள். கடைசி இரண்டு மாதத்தில் மட்டும் இதே மாதிரி பணம் போன நாலு புகார்கள். எல்லாரும் பென்ஷன்காரர்கள், எல்லாரும் எழுதத் தெரியாதவர்கள் அல்லது கை நடுங்குகிறவர்கள். அவர்களுடைய பழைய சீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னாள். ஐந்தாறு சீட்டுகளை மேசையில் அடுத்தடுத்து வைத்ததும், சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே காய்ந்து நின்றது. எல்லாவற்றையும் எழுதியது ஒரே கை.

போலீஸைக் கூப்பிட அவள் போனை எடுத்த நேரம் நான் வெளியே பார்த்தேன். வாசல் நாற்காலி காலியாக இருந்தது. சாப்பாடு வாங்கி வருகிறேன் என்று இன்னொரு காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த பத்தொன்பது நாட்கள்தான் கொடுமை. வாசலில் நிற்கும்போது அவன் எங்கே இருக்கிறான் என்றாவது தெரிந்தது. இப்போது எங்கும் இருந்தான். தெருவில் யாராவது செருமினால் அக்கா பேச்சை நிறுத்திவிடுவாள். என் வீட்டுக்காரர் அவள் வீட்டுப் பின்கதவுக்கு இரும்புப் பட்டை அடித்துக் கொடுத்தார். ஆனாலும் அவள் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. கழிவறைக்குப் போவதற்குக்கூட என் மகள் பூபேயைக் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்கச் சொல்வாள்.

இருபதாம் நாள் கபிரி ம்போஷி என்ற ஊரில் அவனைப் பிடித்துவிட்டார்கள். அடையாளம் காட்ட ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஆறு பேரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். கண் தெரியாதவளுக்கு எதற்குத் திரை என்று நான் கேட்டதற்கு, சட்டம் அப்படி என்றார் இன்ஸ்பெக்டர். ஆறு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். அக்கா இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்றாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். அவசரப்பட்டுவிடக் கூடாது என்ற பயம். அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் நாலாவது ஆள் என்றாள். சரியாக இருந்தது.

வெளியே கொண்டுபோகும்போது ஓபெட் எங்களைத் தாண்டிப் போனான். நின்றான்.

"அம்மா, உங்கள நான் கடைசியாத்தான் வச்சிருந்தேன்" என்றான்.

அக்கா ஸ்டேஷன் முற்றத்தில் போய் வாந்தி எடுத்தாள். அவன் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று பிறகு பல தடவை என்னிடம் கேட்டாள். மனசு வராமல் தள்ளிப்போட்டானா, எளிதாக முடியும் என்று விட்டுவைத்தானா. எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன், இன்றைக்கும் தெரியாது.

அவனுக்கு மூன்று வருஷம் போட்டார்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேருக்கு வங்கி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மற்ற இருவர் பணத்துக்காக இன்னும் வங்கிக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

அக்கா இப்போது தன் வீட்டில்தான் இருக்கிறாள். பண வேலையெல்லாம் போனிலேதான். ஆனால் தெரியாத எண்ணிலிருந்து மணி அடித்தால் எடுப்பதில்லை. அடித்து ஓயும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இன்னொன்றும் செய்கிறாள். மாதம் ஒரு நாள் என்னை அழைத்துக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல், அந்தக் கிளைக்குப் போகிறாள். கவுண்டரில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் நின்று பேசுகிறாள். பெயர் என்ன, எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை என்று கேட்கிறாள். அங்கே எல்லாரும் பாசமான அம்மா என்று நினைக்கிறார்கள். அவர்கள் பேசும்போது அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் நிற்பாள்.

போன மாதம் ஒரு புதுப் பையன் சேர்ந்திருந்தான். கூச்ச சுபாவம், இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அந்தப் பையன் இன்னும் சரியாப் பேசல, பூபேம்மா. அடுத்த வாரமே ஒரு தடவ போயிட்டு வந்துடலாம்."