திருப்பி அனுப்பச் சொன்ன பணம்

எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் பெண்மணியை எல்லோரும் 'மீதி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். தைக்கக் கொடுத்த துணியில் கைக்குட்டை அளவு மிஞ்சினாலும் அதை மடித்து, தைத்த உடுப்போடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். வெட்டுத்துணியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் தையல்காரர்கள் உண்டு; கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். இவரிடம் கேட்கவே வேண்டியதில்லை. "அடுத்தவங்க மிச்சம் என் கடையில கிடந்தா எனக்குத் தூக்கம் வராது" என்பார். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் துணி திரும்பி வந்துவிடும்.

கடை ஒற்றை அறை. வாசலை ஒட்டி அவருடைய இயந்திரம். உள்ளே, துணிக்கு ஓரம் அடிக்கும் இயந்திரத்தில் அவர் கணவரின் தங்கை. நடுவில் வெட்டும் மேசை. அதன்மேல் சாக்கட்டி, டேப்பு, கத்தரிக்கோல், நூல் பிசிறு ஒட்டிய கைப்பேசி. வேலை நேரத்தில் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவார். கையை நிறுத்த மாட்டார்.

அன்று அவர் திரைச்சீலை ஒன்றுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தபோது, கணக்கில் பணம் வரவு வைக்கப்பட்டதாக ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதன் பின்னாலேயே ஓர் இளைஞனின் குரல்.

"அக்கா, எங்கம்மாவுக்கு அனுப்ப வேண்டியது, நம்பர் மாறி உங்களுக்கு வந்துடுச்சு. மெசேஜ் வந்திருக்கும் பாருங்க. கொஞ்சம் திருப்பி அனுப்பிடுங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

செய்தி இருந்தது. தொகையும் இருந்தது. மீதி அக்கா மறு கேள்வி கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகப் பாதி மடிப்பில் இயந்திரத்தை நிறுத்தினார் என்று நாத்தனார் பிறகு சொன்னாள். ஏமாறுகிறவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே வலை விரிக்கப்பட்டது ஆசைக்கு அல்ல. பிறர் பொருள் தன்னிடம் ஒரு நொடிகூட இருக்கக் கூடாது என்ற பழக்கத்துக்கு.

தொகையை அழுத்தி, ரகசிய எண்ணையும் போட்டார். கணக்கில் போதிய பணம் இல்லை என்றது திரை.

"என்னடி இது? வந்த பணத்தைத் திருப்பி அனுப்பவே பணம் பத்தலைங்குது!"

"வந்திருந்தாத்தானே அண்ணி பத்தும்? கணக்கைத் திறந்து பாருங்க."

காலையில்தான் நூல் கடைக்கும் கரண்டுக்கும் கட்டியிருந்தார். கணக்கில் எஞ்சியிருந்தது அப்படியே இருந்தது. புதிதாக எதுவும் சேரவில்லை. அதை அவர் வெள்ளந்தியாக அந்தப் பையனிடமே சொன்னார்.

"பரவாயில்லக்கா, இருக்கறதையாவது அனுப்புங்க. மிச்சம் அப்புறம் பாத்துக்கலாம்."

நாத்தனார் எட்டிப் போனை அணைத்தாள். "பெரிய மனசுதான் அவனுக்கு! தவணை முறையில திருட வர்றான். அண்ணி, நம்ம ஏழ்மைக்கு இன்னிக்கு ஒரு கும்பிடு போடணும்."

இதை மீதி அக்காவின் சாமர்த்தியம் என்று எழுத எனக்கு மனமில்லை. காப்பாற்றியது காலிக் கணக்கு. ஆனால் மறுநாளே அவர் வங்கிக்குப் போய்க் கேட்டார். கவுண்டரில் இருந்த பெண் அந்தச் செய்தியைப் பார்த்தாள். "இது பேங்க் அனுப்பினது இல்லைங்க, யாரோ ஒருத்தர் சாதாரண நம்பர்ல இருந்து தட்டி அனுப்பினது. மெசேஜை நம்பாதீங்க, கணக்கைப் பாருங்க. நிஜமாவே பணம் வந்திருந்தாலும் நீங்களா அனுப்பாதீங்க. அது யார்கிட்ட திருடினதோ! எங்ககிட்ட சொல்லுங்க. அனுப்பினவங்க அவங்க பேங்க்ல சொல்லட்டும்."

கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. மழைக்காலம் முடியும்போது உண்மையாகவே பணம் வந்தது. இந்த முறை கணக்கைத் திறந்து பார்த்தார், சேர்ந்திருந்தது. கூப்பிட்டது நடுவயதுப் பெண் குரல்.

"ஒரு நம்பர் மாத்திப் போட்டுட்டேம்மா. வீட்டு வாடகைக்கு வச்சிருந்தது. அனுப்பிடும்மா."

"உங்க பேங்க்ல போய்ச் சொல்லுங்கம்மா. என் பேங்க்ல கேட்டா நான் உடனே சரின்னு சொல்லிடறேன். இதுல ஒரு பைசா தொட மாட்டேன்."

"கையில வச்சுக்கிட்டு என்னை பேங்க்குக்கு அலையச் சொல்றியா? அடுத்தவ காசைத் தின்னு எத்தனை நாள் நல்லா இருப்பே?"

ஸ்பீக்கரில் இருந்ததால், அளவு கொடுக்க வந்து நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. மீதி அக்காவை யாரும் அப்படிச் சொன்னதில்லை. முகம் சிவந்துவிட்டது. விரல் திரைக்கு மேலேயே நின்றது. ஒரு தட்டு தட்டினால் பழி போய்விடும்.

"குடுத்துத் தொலைச்சிடுங்க அண்ணி. இது நிஜம் மாதிரித்தான் இருக்கு" என்றாள், போன முறை அணைத்தவளே.

"அவன் பேச்சும் நிஜம் மாதிரித்தான் இருந்துச்சு."

கத்தரிக்கோலை வைத்துவிட்டு, வாடிக்கையாளர்களை உட்காரச் சொல்லிவிட்டு, அப்போதே வங்கிக்குக் கிளம்பினார். பணம் தன்னுடையது அல்ல, கேட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு அதைச் சொன்னபோது, இன்னும் நாலு வசவு கிடைத்தது. வாங்கிக்கொண்டார்.

நேர்மையானவர் என்று பெயர் எடுப்பது ஒன்று. நேர்மையாக இருந்துகொண்டு திருடி என்ற பேச்சைச் சில நாள் சுமப்பது வேறு. இரண்டாவதுக்குத் தெருவில் யாரும் பட்டப்பெயர் வைப்பதில்லை.

அடுத்த வாரம் பணம் கணக்கிலிருந்து போய்விட்டது. அந்தப் பெண்ணிடமிருந்து பேச்சு இல்லை. இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மீதி அக்காவே போன் போட்டார். ஸ்பீக்கரில் போடவில்லை, காதில் வைத்துக்கொண்டார்.

"வந்துருச்சாம்மா?"

பதில் சுருக்கமாக இருந்திருக்க வேண்டும். உடனே போனை மேசையில் வைத்துவிட்டார்.

"நன்றின்னாவது சொன்னாங்களா அண்ணி?"

"வந்துருச்சுன்னாங்க. வச்சுட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"திட்டலையேடி" என்றவர், டேப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அளவு கொடுக்கக் காத்திருந்தவரைக் கையைத் தூக்கச் சொன்னார்.