கட்டி கரைந்த பிறகும் எதற்கு ஊசி?

புற்றுநோய் வார்டு நர்ஸுக்கு ஊசி குத்துவது பாதி வேலை. அதை ஏன் குத்துகிறோம் என்று சொல்வது மீதி வேலை. பாலக்காட்டில் எங்கள் டாக்டர் மலையாளத்தில் நாலு வரி சொல்லிவிட்டு, "பாக்கி சிஸ்டர் தமிழில் பறயும்" என்று என் பக்கம் கை காட்டுவார். உங்களுக்கும் இப்படி யாராவது 'பாக்கி' வைத்திருந்தால் என் பாடு புரியும்.

வராமல் போனவர்

தமிழ்நாட்டு எல்லையோரம் கோபாலபுரம் பக்கம் தென்னந்தோப்பும் மாடுகளும் வைத்திருக்கும் சரோஜாக்காவுக்கு மார்பில் கட்டி. கீமோ பாதி முடிவதற்குள் கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. அடுத்த ஊசிக்கு அவர் வரவும் இல்லை. போன் செய்தால், "கட்டியே இல்லீங்க சிஸ்டர், அப்புறம் ஊசி எதுக்குங்க?" என்றார். பாதியில் நின்றவர்கள் பிறகு எந்த நிலைமையில் திரும்பி வந்தார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை வந்து பேசிவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன்.

கணவர் பழனிச்சாமியோடு வந்தார். "கட்டியில எல்லாச் செல்லும் ஒரே மாதிரி இல்லைக்கா. ஸ்டெம் செல்னு கொஞ்சம் இருக்கு. மத்தது மருந்துக்குச் செத்தாலும் இது பதுங்கிக் கிடந்து, மறுபடி கட்டியை வளர்த்துடலாம்னு சொல்றாங்க. கைக்குத் தெரியாம எது மிச்சம் இருக்குன்னு நமக்குத் தெரியாது. அதனாலதான் ஊசி, ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாத்தையும் முழுசா முடிக்கச் சொல்றோம்" என்றேன்.

சரோஜாக்கா கணவரைப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலில் ஏறிப் படுத்தார்.

"கோரைப்புல்லைப் புடுங்கினாலும் அடியில கெழங்கு கெடக்கற மாதிரிங்களா? அப்ப இன்னைக்கே போட்டுடுங்க, சாயங்காலம் பால் கறக்கறதுக்குள்ள ஊட்டுக்குப் போகோணும்."

ஒரே பெயர்

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஸ்டெல்லா. இடுக்கியில் தேயிலை எஸ்டேட் வேலை. மகள் பாலக்காட்டில் இருப்பதால் சிகிச்சை இங்கே. நாங்கள் பேசியதை எல்லாம் கேட்டுவிட்டு, "எம் மவ பேறுகாலத்துல, தொப்புள்கொடியில ஸ்டெம் செல் எடுத்துப் பத்திரப்படுத்துனா நல்லதுன்னாவ. நீங்க என்னன்னா அது ஆகாதுங்கீய" என்றார்.

தொப்புள்கொடியில் இருப்பது ரத்தத்தை உண்டாக்கும்; கட்டியில் இருப்பது கட்டியைத்தான் உண்டாக்கும்; பெயர் ஒன்று, குணம் வேறு என்றேன். ஸ்டெல்லா சட்டென்று தலையாட்டினார்.

"எங்க எஸ்டேட் லயத்து வீடுகள்ல மூணு மேரி இருக்காவ சிஸ்டர், ஒருத்தி மாதிரி ஒருத்தி கிடையாது."

ரிப்போர்ட் வந்த நாள்

கீமோ முழுவதும் முடிந்து சரோஜாக்காவுக்கு ஆபரேஷனும் ஆனது. எடுத்த சதையில் புற்றுநோய்ச் செல் எதுவும் தென்படவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. நான் அதைச் சொன்னதும் பழனிச்சாமியண்ணன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்று ஊசிக்கு வந்திருந்த ஸ்டெல்லா எழுந்து வந்து சரோஜாக்காவைக் கட்டிக்கொண்டார். கதிர்வீச்சு இன்னும் பாக்கி, அதன் பிறகும் பரிசோதனைக்குத் தவறாமல் வரவேண்டும் என்று சொல்லி நான் என் கடமையைச் செய்தேன். சரோஜாக்கா தலையாட்டியபடியே பைக்குள் கைவிட்டு ஒரு பொட்டலம் மைசூர்பாகை எடுத்து வார்டு முழுக்கக் கொடுத்தார். நல்ல செய்தி வரும் என்று முன்பே தெரியுமா என்று கேட்டேன்.

"எப்படி வந்தாலும் குடுக்கறதுன்னுதானுங்க வாங்கினேன், நல்லபடியா வந்துட்டதுனால இனிப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க."

ஸ்டெம் செல்லைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்களுக்கே இன்னும் நிறையச் சந்தேகம் இருக்கிறதாம். எங்கள் வார்டில் ஒரு நாள் உட்கார்ந்தால் இன்னும் நாலைந்து சந்தேகமும் கொஞ்சம் மைசூர்பாகும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.