திருவூடல் தெருவில் எனக்குக் கிடைத்த பதில்

அண்ணாமலையாரை நம்பி இருக்கும் எல்லோருக்கும் இந்தக் கிழவனின் வணக்கம். நான் அண்ணாமலையின் அடியில் உள்ள வேங்கிக்காலில் குடியிருக்கிறேன். கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். இளம் வயதிலிருந்தே கதை எழுதுகிறேன். நான் எழுதிய ஒரு கதையால் என் மனைவியின் உயிர் போக இருந்தது. அது போகாமல் நின்றது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் மறைக்காமல் சொல்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு தீபாவளி மலரில் என் கதை வந்தது. கிராமத்தில் ஒரு பெண் குழந்தைக்குக் காய்ச்சல் காண்கிறது. படிக்காத தாய் மந்திரிப்பு, கயிறு, விபூதி என்று பொழுதைப் போக்குகிறாள். படித்த கணவன் வேலை முடிந்து ஓடி வருவதற்குள் குழந்தை போய்விடுகிறது. கடைசிப் பத்தியில் அவன் அழுகிறான். மூடநம்பிக்கைக்குச் சரியான அடி என்று பலர் பாராட்டினார்கள். வாசகர் கூட்டம் ஒன்றில், எழுத்தாளனின் இலட்சியம் என்ன என்று என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். "எங்கள் ஊரில் சாமியின் குடும்பச் சண்டையே நடுத்தெருவில் நடக்கிறது. அப்படியிருக்க எழுத்தாளன் தன் வீட்டை மூடி வைக்கலாமா?" என்றேன். நல்ல கைதட்டல்.

வெளியூர் அன்பர்களுக்காக ஒரு வார்த்தை. மாட்டுப்பொங்கலன்று மாலை எங்கள் ஊரில் திருவூடல் நடக்கும். தன்னைச் சுற்றாமல் சாமியை மட்டும் சுற்றி வந்த பிருங்கி முனிவருக்கு சாமி காட்சி கொடுக்கப் போனதால் அம்மனுக்குக் கோபம். தெருவில் இருவரும் எதிரெதிரே நிற்பார்கள். பிறகு அம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி வெளியே குமரக்கோயிலில் தங்கி, மறுநாள் மலையைச் சுற்றி வந்து சமாதானம் ஆவார். அந்தத் தெருவுக்கே திருவூடல் தெரு என்றுதான் பெயர். பிறந்ததிலிருந்து பார்த்த அந்தத் திருவிழாவை மேடையில் எனக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

ஏனென்றால் அந்தக் கதை என் வீட்டுக் கதை. எங்கள் முதல் குழந்தையின் கதை.

ஐப்பசி முடிவில் கீழ்பென்னாத்தூரில் என் மைத்துனன் ஏழுமலையின் மகளுக்கு வளைகாப்பு. நானும் என் மனைவி வசந்தாவும் போயிருந்தோம். சாப்பாட்டுப் பந்தியில் வசந்தாவின் பெரியம்மா மகள் சாவித்திரி, நாலு பேர் கேட்கப் பேச்செடுத்தாள்.

"அப்பவே நாங்க சொன்னோம், இவதான் லேட் பண்ணிட்டான்னு. இப்ப மாமாவே புக்குல எழுதிட்டாரு பாரு."

வசந்தா கதை வந்ததை அறியாள். நான் எழுதுவதை அவள் படிப்பதை எப்போதோ விட்டுவிட்டாள். யாரோ மலரைக் கையில் கொடுத்தார்கள். ஜன்னலோரம் நின்று முழுவதும் படித்தாள். மடித்து வைத்தாள். நான் கிளம்பலாமா என்று கேட்டபோது, "நீங்க போங்க" என்றாள். அதன்பின் வீட்டுக்கு வரவில்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பெயரையெல்லாம் மாற்றித்தானே எழுதினேன் என்று நினைத்தேன். பெங்களூரில் இருக்கும் மகனிடம்கூட, உன் அம்மாவுக்கு இலக்கியம் புரியவில்லை என்று சொன்னேன். அவன் போனை வைத்துவிட்டான்.

கார்த்திகை பிறந்தது. தீபத்தன்று மொட்டை மாடியில் தனியாக நின்று மலையைப் பார்த்தேன். ஊரே அரோகரா என்று சத்தமிட்டது. எனக்குக் குரல் எழும்பவில்லை. அடுத்த நாள் ஏழுமலை போன் செய்தான்.

"மாமா, அக்கா சரியா சாப்பிடறதில்ல. சக்கர மாத்திரைய கையில வாங்கிக்கிறாங்க, போடறாங்களான்னு தெரியல. ஆளு பாதியா போயிட்டாங்க."

"நான் வரட்டுமா?"

"உங்க பேர எடுத்தாலே எழுந்து உள்ள போயிடறாங்க மாமா."

அன்றிலிருந்துதான் பயம் பிடித்தது. போன் அடித்தால் எடுக்கத் தயங்குவேன். அடிக்காவிட்டால் அதைவிட மோசம். சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இறங்காது. தினமும் கோயிலுக்குப் போனேன். அவள் மனதை மாற்று சாமி, அவளைச் சாப்பிட வை என்று வேண்டினேன். பதில் இல்லை. கடைசியில் பேரம் பேசினேன். வசந்தா வீட்டுக்கு வந்துவிட்டால் இனி எழுதவே மாட்டேன் என்று நேர்ந்துகொண்டு, நான் எழுதும் பேனாவை உண்டியலில் போட்டேன். பெரிய தியாகம் செய்தவனைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

நிலைமை மோசமானதுதான் மிச்சம். மார்கழியில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் வார்டு வாசல் வரை போனேன். நர்ஸ் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "பேஷன்ட் பாக்க வேணாம்னு சொல்றாங்க சார்" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் ஏழுமலை அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனான். அங்கே மறுபடி அதே கதை. சர்க்கரை ஏறுகிறது, சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவள் எனக்கு முன்னால் போய்விடுவாள், அதுவும் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டே போய்விடுவாள் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

மாட்டுப்பொங்கலன்று காலை ஏழுமலை மறுபடி கூப்பிட்டான். அக்கா மயங்கி விழுந்து எழுந்தார், ஆஸ்பத்திரி வேண்டவே வேண்டாம் என்கிறார் என்றான். நான் புறப்படுகிறேன் என்றேன். "இப்ப வராதீங்க மாமா. வந்தா ஜாஸ்தி ஆயிடும்" என்றான். என்ன செய்வது? வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. மாலை கால் போன போக்கில் போய் திருவூடல் தெருக் கூட்டத்தில் நின்றேன்.

சாமியும் அம்மனும் எதிரெதிரே வந்து நின்றார்கள். எனக்கு முன்னால் போளூரிலிருந்து வந்த ஒரு தம்பதி. நடுவயது. வருஷா வருஷம் வருகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. அம்மன் கோயில் பக்கம் திரும்பியதும் அந்தப் பெண் கணவனை முழங்கையால் இடித்தாள்.

"நல்லா பாத்துக்குங்க. சாமிக்கே இன்னைக்கு வெளியதான்."

"சாமிக்குன்னா தங்க வேற கோயில் இருக்கு. நான் எங்க போவேன்? மாட்டுக் கொட்டாயிதான்" என்றார் அவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பின்ன? தப்பு யாரு மேலயோ அவங்கதான தெருவுல நிக்கணும். அம்மனயா நிறுத்துவாங்க?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மன் போய்விட்டாள். ஊர் முழுக்கப் பார்க்க, சாமி தெருவில் தனியாக நின்றார். இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு அது உறைக்கவில்லை. அந்தச் சண்டை தெருவுக்கு வருவது உண்மைதான். ஆனால் கதவுக்கு வெளியே தலைகுனிந்து நிற்பது அவர். என் கதையிலோ நான் உள்ளே பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, வசந்தாவைத் தெருவில் நிறுத்தியிருந்தேன்.

குழந்தை போன அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அப்போது நான் கீழ்பென்னாத்தூர்ப் பள்ளியில் வேலை பார்த்தேன். பள்ளிக்கு மட்டும் அன்று விடுமுறை. ஒரு போட்டிக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். அன்றே தபாலில் சேர்த்தாக வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. வசந்தா ஈரத்துணி போட்டுக்கொண்டே மறுபடி மறுபடி வாசற்படிக்கு வந்து, டவுனுக்குப் போயிடலாங்க என்றாள். மத்தியான பஸ் போனது. இன்னும் ரெண்டு பக்கம்தான், சாயங்கால பஸ்ஸில் போகலாம் என்றேன். தலையைத் தூக்காமலே சொன்னேன். சாயங்கால பஸ்ஸில்தான் போனோம். மலை முழுதாகத் தெரிய ஆரம்பித்த இடத்தில், அவள் மடியில் குழந்தை அடங்கிவிட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்கள். வசந்தா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பெண்கள் அவர்களாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டார்கள். மந்திரிப்பு என்றார்கள், கயிறு என்றார்கள். அவள் மறுக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்தப் பொய்யைத்தான் நான் அச்சில் ஏற்றினேன். அதைத்தான் என் இலட்சியம் என்று மேடையில் பேசினேன்.

தெருவில் நின்றபடியே என் வேண்டுதலை மாற்றினேன். அவளை மாற்று என்று கேட்கவில்லை. சாமி, என்னை வெளியே நிறுத்து, நிற்கத் தெம்பு கொடு என்று கேட்டேன்.

மறுநாள் சாமி மலை சுற்றப் புறப்பட்ட நேரம் நான் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் இருந்தேன். திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தோன்றியது. ஏழுமலை வீட்டில் பொங்கலுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். சாவித்திரியும் இருந்தாள். கூடத்தில் சாய்ந்திருந்த வசந்தா என்னைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். எலும்பும் தோலுமாக இருந்தாள்.

ஏழுமலை நாற்காலி போட்டான். "உக்காருங்க மாமா, வெயில்ல நிக்காதீங்க" என்றான். நான் வாசலிலேயே நின்று சொன்னேன். போட்டி, தபால், மத்தியான பஸ், தலையைத் தூக்காமல் நான் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் சொன்னேன். மந்திரிப்பும் இல்லை, கயிறும் இல்லை, தாமதம் என்னுடையது என்றேன். ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டான். சாவித்திரி எழுந்துபோய் மூடிய கதவின் முன் உட்கார்ந்தாள்.

"ஏன்டி வசந்தா, நாங்க இத்தன வருஷமா பேசினோமே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

கதவு திறக்கவில்லை. வெயில் வாசலைத் தாண்டி நகர்ந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். வேண்டுதல்கூட வரவில்லை, பயம் மட்டும்தான் இருந்தது. பிறகு தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. வசந்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ பேரு உண்ணாமலை. கதையில ஏன் நிலான்னு போட்டீங்க?"

"இனிமேல் எழுத மாட்டேன் வசந்தா. கோயில்ல நேர்ந்துகிட்டேன். பேனாவ உண்டியல்ல போட்டுட்டேன்" என்றேன்.

"சாமி கேட்டாரா?"

நான் தலை குனிந்தேன்.

"எழுதறத விட்டுட்டா உங்களுக்கு ஆச்சு. எனக்கு?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "எழுதுங்க. இப்ப சொன்னீங்களே, அத எழுதுங்க. அவ பேரப் போட்டு எழுதுங்க."

பிறகு சாவித்திரியிடம், கஞ்சி இருந்தால் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னாள். அதைக் குடித்துவிட்டு மாத்திரை கேட்டாள். ஏழுமலையின் மனைவி டம்ளரோடு ஓடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என் வேண்டுதலுக்கு அண்ணாமலையார் தந்த பதில் அது. நான் வேறு சாட்சி தேட மாட்டேன்.

வசந்தா உடனே வரவில்லை. பங்குனி வெயில் ஏறிய பிறகுதான் வேங்கிக்காலுக்கு வந்தாள். சர்க்கரை இப்போது கம்மியாகியிருக்கிறது. அவள் வந்த பிறகுதான் ஒரு சாதாரணப் பேனா வாங்கி எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். வெயில் கொளுத்தியது என்று எழுதியிருந்தேன். "அன்னைக்கு ஏது வெயிலு? மூடாப்பாதான் இருந்துச்சு" என்றாள். அடித்துவிட்டு எழுதினேன். முன்பு என் கதையை வெளியிட்ட மலருக்கு அனுப்பினேன். வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். ஒரு சிறிய பத்திரிகை போட்டது. பாராட்டிக் கடிதம் ஒன்றும் வரவில்லை. சாவித்திரி மட்டும் வசந்தாவுக்குப் போன் செய்து வெகுநேரம் அழுதாள். அந்த ஒரு வாசகிக்காக எழுதியது போதும் என்று தோன்றியது.

பெயர் வர வேண்டும், நாலு பேர் கைதட்ட வேண்டும், சமூகத்தைத் திருத்த வேண்டும் என்றெல்லாம் இலக்கு வைத்து எழுதியவன் நான். இப்போது பேனாவை எடுக்கும்போது ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கதையில் தெருவில் நிற்பது யார்? அது நானாக இல்லாமல் நான் காயப்படுத்திய யாரோவாக இருந்தால் எழுதுவதில்லை. நானாக இருந்தால் பயம் வருகிறது. அந்தப் பயம் எனக்குச் சாமி கொடுத்தது என்று நம்புகிறேன்.

எழுத ஆசைப்படும் அன்பர்களே, எதற்காக எழுதுகிறோம் என்று தெரியாமல் தவித்தால் அண்ணாமலையாரிடம் கேளுங்கள். எழுதாதவர்களும் கேளுங்கள். யாரோ உங்களுக்கு எதிரே கதவைச் சாத்தியிருப்பார்கள். அவர் மனதை மாற்றச் சொல்லி வேண்டாதீர்கள். வெளியே நிற்கத் தெம்பு கேளுங்கள். அதைக் கேட்டால் அண்ணாமலையார் மறுப்பதில்லை. அந்த நிலை அவருக்குத் தெரியாததல்ல.

வருகிற மாட்டுப்பொங்கலுக்குத் திருவூடல் தெருவுக்கு வந்தால் எங்களைப் பார்க்கலாம். இந்த முறை வசந்தாவும் வருகிறாள். அம்மனோடு கோயில் வரை போய்விட்டுத்தான் வருவாளாம். "நீங்க சாமி கூட நில்லுங்க" என்று சொல்லிவிட்டாள்.