மருமகன் எழுதிய பாட்டு

எங்கள் பெங்களூரு அல்சூர் மாதா கோயில் பாடகர் குழு ஞாயிற்றுக்கிழமை பாட ஒரு புதுப் பாட்டு கேட்டது. நான் எழுதித் தருகிறேன் என்று என் மருமகன் இன்று வைட்ஃபீல்டிலிருந்து லேப்டாப்போடு வந்தார்.

திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள். அவற்றைக் கோடு போட்டு இணைத்தார். உடனே இசைக்குறிகள் எறும்பு வரிசையாக ஓடி வந்தன.

குழுத் தலைவி ஸ்டெல்லா உற்றுப் பார்த்தார்.

"மூச்சு விட எடமே இல்லையே தம்பி! முதல் வரிய நீங்களே பாடிக் காட்டுங்க."

"எனக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது ஆன்ட்டி. பெட்டிய இணைச்சா சாஃப்ட்வேரே எழுதிடும்."

"அப்போ ஞாயித்துக்கிழமை சாஃப்ட்வேரையே நிக்க வெச்சுப் பாடச் சொல்லுங்க."

பழைய பாட்டே போதும் என்று முடிவாயிற்று.

எழுபது வயதில் எழுத்துக் கற்ற நான், இதை மெதுவாக எழுதி, நானே படித்துப் பார்த்துவிட்டுத்தான் இணையத்தில் போடுகிறேன். எங்கள் முதியோர் வகுப்பில் இடம் இருக்கிறது. மாப்பிள்ளையைச் சேர்த்துவிடட்டுமா?