அரம் வழுக்கிய கொக்கி

எங்கள் பணிமனை மேஸ்திரியை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. அந்த ஆளுக்கு இரும்பு கெட்டியாக இருந்தால் போதும், அது நல்ல இரும்பு.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து மரத்தடிகளை இறக்கும் ஒப்பந்தக்காரரிடம் எனக்கு வேலை. உலோகவியல் டிப்ளமோ படித்தவள். சங்கிலியோ கொக்கியோ, நான் சோதித்துக் கையெழுத்துப் போடாமல் கிரேனில் ஏறக்கூடாது. கிரேன் தூக்கும் தடிகளுக்குக் கீழே, கப்பலுக்குள் நிற்பவர்களில் என் தம்பியும் ஒருவன்.

அன்று காலை ஒரு கொக்கி வாய் விரிந்து வந்தது. விரிந்ததைக் கழித்துப் போட வேண்டும். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மேஸ்திரி அதைக் கேஸ் நெருப்பில் செக்கச்செவேலென்று பழுக்க வைத்து, அடித்து வாயை மூடி, பீப்பாய்த் தண்ணீரில் முக்கிவிட்டார். பக்கத்தில் மஞ்சள் பெயிண்ட் வேறு தயாராக இருந்தது.

கொக்கியில் அரத்தைத் தேய்த்துக் காட்டினார். அரம் பிடிக்காமல் வழுக்கியது.

“பாத்தியாளா? புதுசுகூட இவ்வளவு கெட்டி கெடையாது. கையெழுத்தப் போடு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கெட்டிதான் வினையே. அந்த வகை எஃகு பழுத்த சூட்டிலிருந்து சட்டென்று குளிர்ந்தால் இறுகிப்போகும். மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தாவிட்டால் அதற்கு வளையத் தெரியாது, ஒடியத்தான் தெரியும். நல்ல கொக்கி பாரம் மிஞ்சினால் வாயை விரித்துக் காட்டும். இது சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். அவரிடம் இதைத்தான் சொன்னேன்.

“புஸ்தகத்த வீட்ல வச்சிட்டு வா. சந்தேகம்னா சம்மட்டியால அடிச்சுப் பாரு,” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வைஸ் இடுக்கியில் இறுக்கி அடித்தேன். மூன்றாவது அடியில் கொக்கி வளைவிலேயே இரண்டாக ஒடிந்தது. அந்த ஆள் முகத்தில் அசடு வழிய வேண்டாமா? “நல்ல சாமான ஒடச்சுப் போட்டா,” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் அந்தப் பேச்சு கப்பல்வரை போய்விட்டது. சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஆரம்பித்தான்.

“நல்ல கொக்கிய எதுக்குக்கா ஒடச்ச? மேஸ்திரி அண்ணாச்சி மொகத்துல நான் எப்படி முழிக்க?”

“ஏலே, அதுக்குக் கீழ நீதான நின்னிருப்ப.”

“எத்தன கொக்கிய அவரு இப்படி நிமித்தித் தந்திருக்காரு. நாங்க நிக்கத்தான செய்தோம். என்ன ஆச்சு?”

அதுவரை எனக்கு அது தெரியாது. பெயிண்டுக்குக் கீழே எது எதைப் பழுக்க வைத்தார்கள் என்று பார்வைக்குத் தெரியாது. அத்தனையும் என் கையெழுத்தோடு மேலே தொங்கிக்கொண்டிருந்தன. போனை எடுத்து, ராத்திரி வேலைக்கு ஓடும் எல்லாக் கிரேனையும் நிறுத்தும்படி ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன்.

தம்பி அதற்கும் என்னைத் திட்டினான்.