வசந்தமலர் கையுறையைக் கழற்றிய காலை

கோயிலில் அந்தோனியார் சுரூபத்தின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றும் நீங்கள், அதற்காக வேலையை இழக்கத் தயாரா? வசந்தமலர் இழந்துவிட்டார்.

மன்னார் பேசாலையில் பிறந்தவர். நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டிவிட்டு ஒஸ்லோவுக்கு வந்தார். எல்லிங்ஸ்ருட் புறநகரில் ஓர் அறை, அருங்காட்சியகம் ஒன்றில் துப்புரவு வேலை. கணவர் செபஸ்ரியன் இன்னும் தமிழ்நாட்டில், மண்டபம் அகதி முகாமில். மனைவிக்கு நிரந்தர வேலை இருந்தால்தான் அவருக்கு விசா.

இந்த ஆண்டு, 2007 பங்குனியில், எண்ணூறு ஆண்டுப் பழமையான பலிபீட முகப்பு ஒன்றை அங்கே காட்சிக்கு வைத்தார்கள். செப்புத் தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டிப் புடைக்கச் செய்து, பொன் பூசியது. நடுவே அரியணையில் கிறிஸ்து. மூலைகளில் நான்கு நற்செய்தியாளரின் அடையாளங்களான மனிதன், சிங்கம், எருது, கழுகு. சுற்றிவர விண்ணக நகரின் வாயில்கள், யாருக்கும் அடைபடாதவையாம். பொன் அந்த நகரத்தின் ஒளியாம். கிறிஸ்துவின் வலது பாதத்தில் மட்டும் பொன் போய்ச் செம்பு தெரியும். அக்காலத்து ஏழைகள் தொட்டுத் தொட்டுத் தேய்த்தது. "விசுவாசத்தின் அழகிய தடம்" என்று பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

படமெடுப்பதற்காக அதன் கண்ணாடிக் கூண்டைக் கழற்றியிருந்த ஒரு காலை, தரை துடைக்கப் போன வசந்தமலர் கையுறையைக் கழற்றிவிட்டு அந்தப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். வியர்வைபட்டு விரலடையாளம் பதிந்தது. கண்காணிப்புக் கமெராவிலும் பதிந்தது.

"கையுறையோடையே தொட்டிருந்தா அடையாளம் ஒண்டும் விழுந்திராதடி," என்றார் கூட வேலை செய்யும் யோகராணி.

"விசரே உனக்கு? கக்கூஸ் கழுவின கையுறையோடை ஆண்டவரைத் தொடுறதோ?"

வேண்டுமென்றே சேதப்படுத்தினார் என்று வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அன்று தொட்டவரின் விரல் பாரம்பரியம், பேசாலைக்காரியின் விரல் சேதம். கண்ணாடிக்குப் பின்னால் வைத்து விசுவாசத்தைப் புகழ்கிறவர்கள், அது துடைப்பத்தோடு எதிரே வந்து நின்றால் பொலிசைக் கூப்பிடுவார்கள்.

தொழிற்சங்கம் மேல்முறையீடு செய்திருக்கிறது. இது வழிபாட்டு வழக்கம் என்று தமிழ்க் கத்தோலிக்கர் ஒருவர் வந்து சொன்னால் வழக்கு வெல்லும் என்கிறார்கள். கோயில் பங்குச்சபைச் செயலாளர் லோறன்ஸிடம் வசந்தமலர் கேட்டார்.

"தங்கச்சி, நாங்கள் சிலையைத் தடவுற ஆக்கள் எண்டு வெள்ளையள் நினைக்கக் கூடாது. நீர் மன்னிப்புக் கேட்டிட்டு வேறை வேலை தேடும்."

"போன ஞாயிறு மாதாவைத் தொட்டுக் கும்பிட்டது ஆர் அண்ணை? உங்கட ஆவியோ?"

"அது கோயிலுக்குள்ளை."

"வெளியிலை வந்தா ஆண்டவர் வேறை ஆளோ?"

லோறன்ஸ் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். பிறகு கேட்ட மூன்று குடும்பத்தாரும் அதையே கொஞ்சம் இனிப்பாகச் சொன்னார்கள்.

இதை எழுதும் எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதனால் என் சாட்சியம் அங்கே எடுபடாது. நம்புகிற உங்களில் ஒருவர்தான் வேண்டும். வருகிற செவ்வாய் காலை விசாரணை. தொழிற்சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். இது எங்கள் வழக்கம் என்று, வெட்கப்படாமல், உரக்கச் சொல்லுங்கள்.